காற்றைத் திறந்துவிட்டது நான்தான்

அன்புள்ள சேகர்,

உன் கல்யாணப் பத்திரிகைகள் அச்சகத்திலிருந்து வந்துவிட்டன. அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். நீ அணைக்கரையில் படகைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறாய், வாரக் கடைசியில்தான் வர முடியும் என்றாய். இந்த விஷயத்தைப் போனில் சொல்லிப் பார்த்தேன். நீ "என்னப்பா, சொல்லுங்க" என்றதும் "பத்திரிகை வந்துடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிரில் ஆள் இருந்தால் என் வாய் வேறு எதையாவது பேசித் தப்பித்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவில்லை. இதன் பிரதி ஒன்று உன் பட்டறைக்குப் போகும். டீ குடிக்கிற இடத்தில் லீவு நாள் பட்டியலை ஒட்டிவைக்கும் பலகையில் இதையும் ஒட்டுவார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு அம்மா போய்க் கன்னடத்தில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் ஏன் தெரிய வேண்டும் என்று உனக்குக் கோபம் வரலாம். படித்து முடித்துவிட்டுக் கோபப்படு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று படகு நடுத்தண்ணீரில் நின்றுபோனது உன் பட்டறையில் குழாய் வேலை பார்த்த ஸ்டெல்லாவின் வேலையில் இருந்த குறையால் இல்லை. என்னால்.

"கடல் இல்லாத ஊர்ல படகு செஞ்சு யாருக்குடா விப்ப?" என்று நான் கேட்டதை நீ மறந்திருக்கமாட்டாய். பீன்யா தொழிற்பேட்டையில் ஃபைபர் தண்ணீர்த்தொட்டி செய்யும் கம்பெனியில் ஒழுங்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன் நீ. அதை விட்டுவிட்டு அதே பீன்யாவில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்துப் படகு செய்யப்போகிறேன் என்று வந்து நின்றாய். நான் உன்னைப் பார்த்துச் சிரித்ததோடு நிறுத்தவில்லை. ஆஸ்டின் டவுனில் நம் தெருவில் பால் வாங்கப் போன இடத்திலும் சலூனிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீ செய்த முதல் பெடல் படகு லாரியில் ஏறி தும்கூர் ரோட்டில் போனபோது, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள் என்று சாப்பிடும்போது ஆசையாகச் சொன்னாய். "பொம்மைப் படகுதானே" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. பிறகு ஏரிகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் உன் படகுகள் போக ஆரம்பித்தன. அதே பால்கடையில் அதே ஆட்களிடம் "எம்புள்ள படகு கம்பெனி வெச்சிருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். இடையில் ஒரு நாள்கூட உன்னைக் கூப்பிட்டு, நான் பேசியது தப்பு என்று சொல்லவில்லை. பேச்சை மாற்றிக்கொண்டால் போதும், பழைய பேச்சு தானாக அழிந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

நான் ஏன் உன் பட்டறைக்கு அடிக்கடி வர ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்றொன்றில் கோலார் தங்கவயலை விட்டு இங்கே பெங்களூருக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. அங்கே சுரங்கத்துக்கு அடியில் பம்பு அறையில் நான் இருந்தேன். கீழே தண்ணீர் ஏறினால் ஷிஃப்ட் முழுவதும் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். இங்கே வந்ததும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலை. மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வராத அன்றைக்குத்தான் நான் ஒருவன் இருக்கிறேன் என்பதே அவர்களுக்கு ஞாபகம் வரும். அந்த வேலையும் முடிந்து வீட்டில் உட்கார்ந்தபோது உன் ஷெட் எனக்குப் போக ஓர் இடமாகக் கிடைத்தது. ராஜண்ணா படகு வார்க்கும் அச்சைத் தேய்ப்பதைப் பார்ப்பேன். ஸ்டெல்லா குழாய் மாட்டுவதைப் பார்ப்பேன். யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்வேன். முதலாளியின் அப்பா என்று எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நீ மைசூருக்கு அப்பால் அணைக்கரையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டிடம் முதல் கேபின் படகுக்கு ஆர்டர் எடுத்தாய். இரண்டு படுக்கையறை, சமையலறை, கக்கூஸ், ஷவர் எல்லாம் வைத்த படகு. ஒரு நாள் சாப்பாட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாய். என்ன என்று கேட்டேன். "குழாயைத் திறந்தா தண்ணி விக்கி விக்கி வருதுப்பா. பம்பு டக் டக் டக்னு அடிச்சிக்கிட்டே இருக்கு. ஷவர்ல சுடுதண்ணி ஒரு நிமிஷம் கொதிக்குது, ஒரு நிமிஷம் ஜில்லுனு ஆகுது" என்றாய். வீட்டில் இருப்பதுபோல் படகில் மேலே தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும் பம்பு ஓட வேண்டும், மூடியதும் நிற்க வேண்டும். கொஞ்சமாகத் திறந்தால் பம்புக்கு ஓடுவதா நிற்பதா என்றே தெரியாமல் திணறும். நான் சொன்னேன்: "எங்க பம்பு பக்கத்துல ஒரு இரும்புக் குடுவை இருக்கும்டா. உள்ள பாதி காத்து, பாதி தண்ணி. பம்பு குத்துற குத்தையெல்லாம் காத்து வாங்கிக்கும். அந்தப் பக்கம் தண்ணி சீரா போகும்." நீ சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டாய். இப்போது உள்ளே ரப்பர் பை வைத்த சின்ன பிரஷர் டேங்குகள் கிடைக்கின்றன என்று விசாரித்து ஒன்றை வாங்கி வந்தீர்கள். பைக்குள் காற்று, பைக்கு வெளியே தண்ணீர். காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் விஷயமே. ஸ்டெல்லா தொட்டியைக் காலி செய்வாள், சைக்கிள் பம்பால் காற்று ஏற்றுவாள், டயருக்கு வைக்கும் மீட்டரை வைத்துப் பார்ப்பாள், குழாயைத் திறப்பாள், மறுபடியும் காலி செய்வாள். பல நாள் அதே வேலை. கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் குழாயைத் திறந்து காட்டினாள். தண்ணீர் கண்ணாடிக் கம்பிபோல் ஆடாமல் விழுந்தது. "உங்க ஐடியாதான் அங்கிள்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. படகை ரிசார்ட்காரரிடம் ஒப்படைக்கும் நாள். அதே நாளில் நீ கட்டிக்கொள்ளப்போகும் வித்யாவின் வீட்டாரையும் கூப்பிட்டால் உன் வேலையை நேரில் பார்ப்பார்கள் என்று நீ ஆசைப்பட்டாய். அவர்கள் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் அரசு உத்தியோகம் பார்த்த குடும்பம். வித்யாவின் அப்பா எதிரில் உட்கார்ந்தால் என் முதுகு தானாக வளையும். அவர் ஒரு நாளும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. வளைந்தது என் முதுகு, அதற்கு அவர் என்ன செய்வார்? படகு கரையை விட்டு வெகுதூரம் போய், சாப்பாடு முடிந்து, அவர் கை கழுவினார். "சம்மந்தி, வீட்லகூட இவ்ளோ சீரா தண்ணி வராது" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. "அது என்னோட யோசனைதான். வாங்க காட்டுறேன்" என்று படகின் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பலகையைத் தூக்கினேன். நீ மேலே ரிசார்ட்காரருக்கு எஞ்சினைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாய். ஸ்டெல்லா முன்பக்கம் தட்டுகளை எடுத்துவைக்க அம்மாவுக்கு உதவிக்கொண்டிருந்தாள்.

டேங்கின் தலையில் சைக்கிள் டியூபுக்கு இருப்பதுபோல் ஒரு வால்வு. அதன் மூடியைக் கழற்றி, வீட்டுச் சாவியின் நுனியால் ஊசியை அழுத்தினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. அவர் சின்னப் பையன்போலச் சிரித்தார். "நீங்க அழுத்திப் பாருங்க" என்று சாவியை அவரிடம் கொடுத்தேன். சுரங்கத்தில் நாங்கள் இப்படித்தான் தினமும் குடுவையின் குழாயைத் திறந்து, காற்று வருகிறதா தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம். அந்தப் பம்பு தண்ணீரோடு கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், போன காற்று தானாகத் திரும்பிவிடும். இங்கே ரப்பர் பையில் அடைத்த காற்று போனால் போனதுதான். அது எனக்குத் தோன்றவே இல்லை. வேடிக்கை முடிந்து மூடியைத் திருகிவிட்டு வந்தோம். கொஞ்ச நேரத்தில் வித்யாவின் அம்மா குழாயைத் திறந்தபோது பம்பு பழையபடி டக் டக் என்று அடிக்க ஆரம்பித்தது. அப்போதாவது ஸ்டெல்லாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நான் கைவைத்தது தெரிந்துவிடும். தனியாகத் திரும்பிப் போய், பம்பு எந்த அழுத்தத்தில் நிற்க வேண்டும் என்று வைத்திருந்த ஸ்விட்சின் திருகாணியை, சமையலறைக் கத்தியால் கூட்டிவைத்தேன். சத்தம் கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. சரி செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மேலே வந்து பாயசம் குடித்தேன்.

எல்லாரும் குழாய்களை மூடிய பிறகு, தாங்க வேண்டிய காற்று உள்ளே இல்லாமல், பம்பு அடித்த அடி முழுவதும் ஹோஸ் பைப்பில் போய் விழுந்தது. சுடுதண்ணீர் ஹீட்டர் பக்கம் ஓர் இணைப்பு பிடுங்கிக்கொண்டது. மேலே பேசிக்கொண்டிருந்ததில் யாருக்கும் கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரெல்லாம் கேபின் தரையில் கொட்டி, பேட்டரிப் பெட்டிக்குள் இறங்கி, எஞ்சின் ஓர் இருமலோடு நின்றபோதுதான் நீ கீழே ஓடினாய். வித்யாவின் அம்மா உன் அம்மாவிடம் காட்ட எடுத்துவந்த முகூர்த்தப் புடவை கட்டிலுக்குக் கீழே பையில் இருந்தது. அரக்குச் சாயம் ஜரிகை மேல் ஓடியிருந்தது. அவர் அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்டெல்லா தரையில் தேங்கிய தண்ணீரில் மண்டியிட்டு டேங்கின் வால்வை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சார், டேங்க்ல காத்தே இல்ல. ஸ்விட்ச் செட்டிங்கும் மாறியிருக்கு" என்றாள். நீ அவளை முடிக்கவிடவில்லை. "பைப்ப யார் டைட் பண்ணது? நீதானே?" என்றாய். "நான்தான் சார், ஆனா" என்றாள். "ஆனா கீனா பேசாத. வாய மூடு." ரிசார்ட்காரர் படியில் நின்றபடி, "லேடீஸ் கையில பைப் வேலை குடுத்தா இப்படித்தான் சேகர் ஆகும்" என்றார். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஷெட் வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து உன்னோடு வேலை செய்தவள் அவள். உன் படகு எதிலும் அதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அதை நீ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உன்னைக் குறைசொல்ல எனக்கு வாய் ஏது? அந்த மனிதர் பேசிய பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. அதைக் கேட்டபோது என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. ஒரு பெண்ணின் தலையில் பழி விழுந்ததைப் பார்த்து நான் மூச்சு விட்டேன்.

ரிசார்ட்டின் சின்னப் படகு வந்து நம்மைக் கயிறு கட்டி இழுத்துப் போனது. கரையேறியதும் நீ எல்லார் முன்னாலும் ஸ்டெல்லாவிடம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றாய். அவள் அழவில்லை. டூல் பையை உன் காலடியில் வைத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட ரோட்டைப் பார்த்து நடந்தாள். பஸ் பிடித்து மைசூர் வந்து, அங்கிருந்து பெங்களூர் வந்திருக்கிறாள். நாம் காரில் வந்தோம். காரில் இடமும் இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றும்போது அம்மா கேட்டாள்: "சமையல் கத்திய எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?" பழம் நறுக்க என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ இதைக் கவனித்திருக்கமாட்டாய். கல்யாண வேலையில் அவளுக்குக் களைப்பு என்று நினைத்திருப்பாய். நான் உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்கு எனக்குள்ளே நிறையக் காரணங்களை அடுக்கினேன். கல்யாணம் முடியட்டும் என்றேன். சம்மந்தி வீட்டார் முன் உனக்குத் தலைகுனிவாகும் என்றேன். அந்தப் பெண் கெட்டிக்காரி, வேறு வேலை கிடைத்துவிடும் என்றேன். எல்லாமே உன் நல்லதுக்குப் போலவே எனக்குக் கேட்டது. பத்திரிகைக்குப் பெயர்ப் பட்டியல் போட்டபோது அம்மா பட்டறை ஆட்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்டெல்லா என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். "அவ பேர எழுதவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க" என்றாள். அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "என்கிட்ட ஏன் சொல்றீங்க? என்னையா வேலைய விட்டு அனுப்பினாங்க?" என்று எழுந்து போய்விட்டாள்.

ஸ்டெல்லாவின் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. பட்டறைக்குப் போய் ராஜண்ணாவிடம் விசாரித்தேன். எதற்கு என்று கேட்டார். சொல்ல வேண்டியதாயிற்று. கையில் இருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். "பர்வாகில்ல, பிடி யஜமான்ரே" என்றார், பரவாயில்லை விடுங்கள் என்று. எனக்காகச் சொன்ன சமாதானம் அது. கேட்கவே கூசியது. பிறகு பிரேசர் டவுனுக்கு வழி சொன்னார்.

ஸ்டெல்லா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறாள். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முழுவதையும் சொன்னேன். ஸ்டெல்லா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "தெரியும் அங்கிள்" என்றாள். என் தலை நிமிர்ந்துவிட்டது. "வால்வு மூடிய நான் போட்டா விரல்ல திருகி நிறுத்துவேன். அன்னிக்கு யாரோ கஷ்டப்பட்டு இறுக்கியிருந்தாங்க. ஸ்விட்ச் ஸ்க்ரூல கத்தி வழுக்கின கீறல் இருந்துச்சு. படகுல அந்தப் பக்கம் போனது நீங்களும் வித்யா மேடத்தோட அப்பாவும்தான்." அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அவளுக்குக் கோபம் வந்தது. "நான் சொல்லல? சார், காத்து இல்லன்னு சொன்னேன். அவரு கேக்கல. நீங்க பக்கத்துலயே துண்டுல கையத் தொடச்சிட்டு நின்னீங்க. நீங்க சொல்லல. ரெண்டுல எது பெருசுன்னு இன்னும் எனக்குத் தெரியல அங்கிள்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். சேகரிடம் பேசி உன்னைத் திரும்ப வரவைக்கிறேன் என்றேன். "சார் காதுல மெதுவா சொல்லி என்ன ஆகப்போகுது? என்னத் திட்டினது எல்லார் முன்னாடியும். பஸ்ல ஈரத்துணியோட உக்காந்து வந்தேன், எல்லாரும் பாத்தாங்க. பட்டறையில எல்லாரும் இப்ப என்ன நெனச்சிட்டு இருக்காங்க தெரியுமா? புதுசா வேலை கேட்டுப் போன எடத்துலயும், ஏன் அங்கேர்ந்து வந்தேன்னு கேட்டாங்க" என்றாள். பீன்யாவிலேயே வேறு ஒரு கம்பெனியில் போர்வெல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி பூட்டும் வேலையில் சேர்ந்திருக்கிறாள். நாள் முழுக்க ஒரே மேசையில் ஒரே திருகாணி. "திரும்ப வர்றதப் பத்தி உங்ககிட்ட பேசமாட்டேன். அது உங்க கம்பெனி இல்ல" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். என் கடிதம் ஏன் பட்டறைப் பலகைக்குப் போகிறது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

அங்கிருந்து நேராக வித்யாவின் வீட்டுக்குப் போனேன். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று துணிந்து போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. அவர்கள் வீட்டுக் கேட்டைத் திறந்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் திரும்பிவிடலாமா என்று நின்றேன். வித்யாவின் அப்பாவே வெளியே வந்துவிட்டார். உள்ளே கூடப் போகவில்லை. செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்று சொன்னேன். அவர் முகம் சிவந்தது. கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். "சம்மந்தி, அந்தச் சாவி எங்கிட்டயும்தான் இருந்தது. உங்கள விட நான்தான் அதிக நேரம் அழுத்தினேன். சத்தம் வேடிக்கையா இருந்துது" என்றார். பிறகு குரலை இறக்கி, "அந்தப் பொண்ணு காத்து இல்லன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லல. சரி, நாமளும் சும்மா இருப்போம்னு இருந்துட்டேன்" என்றார். இத்தனை நாள் நான் பயந்து முதுகு வளைத்த மனிதர், என்னைப்போலவே ஒரு கோழையாக என் முன்னால் நின்றார். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு கிழவர்கள் சேர்ந்து ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்தியிருக்கிறோம் என்பதுதான் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. புடவையைப் பற்றித் தன் மனைவியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பட்டறைக்குப் போகும் பிரதியின் கடைசியில் தன் கையெழுத்தையும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது உன்னைப் பற்றி, சேகர். நீ அவளைக் கேட்கவில்லை. படகு நின்றது, பணம் கொடுப்பவர் பார்க்கிறார், பெண் வீட்டார் பார்க்கிறார்கள், யாரையாவது உடனே கைகாட்ட வேண்டும். அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆஸ்டின் டவுனுக்கு வந்த புதிதில் வீட்டுக்காரர் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை நீ கல்லெறிந்து உடைத்துவிட்டாய் என்று புகார் சொன்னார். நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் அவர் முன்னால் அறைந்தேன். புது ஊர், வாடகை வீடு, அவர் முன்னால் நல்ல பெயர் வேண்டும். உடைத்தது அவருடைய தங்கை பையன் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் உன்னை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். என் மன்னிப்பு அவ்வளவுதான். நீ அதைச் சாப்பிட்டாய். ஏன் வாங்கிக் கொடுத்தேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். வித்யாவிடம் நீ தப்புச் செய்யும் நாள் வரும். எல்லாருக்கும் வரும். அன்று தோசை வாங்கிக் கொடுக்காதே. வாயைத் திறந்து சொல். அதற்கு முன்னால் அவளைக் கேள். அவள் சொல்லி முடிக்கிறவரை கேள். உன் அப்பன் உனக்குக் கற்றுக்கொடுக்காதது இது. இப்போதுதான் நானே கற்கிறேன், அதுவும் அரைகுறையாக.

இதுவரை எழுதி நேற்று நிறுத்தியிருந்தேன். சாயங்காலம் உன் போன் வந்தது. ராஜண்ணா உன்னிடம் சொல்லியிருக்கிறார் என்பது நீ "அப்பா" என்று கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. நீ கத்துவாய் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். நீ கத்தவில்லை. "ஏம்பா அன்னிக்கே சொல்லல?" என்றாய். பிறகு நீ கேட்டாய்: "ஸ்டெல்லா வீடு எங்கப்பா இருக்கு?" கேட்டுவிட்டு நீயே நிறுத்திவிட்டாய். இத்தனை வருடம் உன்னோடு வேலை செய்தவளின் வீடு எங்கே என்று உனக்கும் தெரியாது என்பது நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிரேசர் டவுன் மசூதி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கு. ரொட்டிக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் ஒரு சந்து போகும், ஸ்கூட்டர் நுழையாது, நடந்துதான் போக வேண்டும். உள்ளே போனதும் இடது கைப்பக்கம் மாடிப்படி உள்ள வீடு, கீழ்ப்பகுதி. அவள் ஆறரைக்கு மேல்தான் வேலையிலிருந்து வருவாள். வந்ததும் கதவைத் தட்டாதே, கை கால் கழுவி ஒரு வாய் டீ குடிக்க விடு. அண்ணி கொஞ்சம் முறைப்பாகப் பேசுவாள், பேசட்டும். அவளுடைய டூல் பை இன்னும் உன் ஆபீஸ் மூலையில் கிடக்கிறது என்று ராஜண்ணா சொன்னார். அதை எடுத்துக்கொண்டு போ. வேலைக்கு வா என்று முதலில் கேட்காதே. அன்று அவள் சொல்லவந்து நீ நிறுத்திய பேச்சு பாதியில் நிற்கிறது, முதலில் அது முடியட்டும். அம்மா பத்திரிகையில் அவள் பெயரை எழுதி உன் மேசை மேல் வைத்திருக்கிறாள். நான் உன்னோடு வரவில்லை.

உன் அப்பா